துப்புரவி

சாதிக்கிற்கு அன்று காலை தேநீர் வேளையில் தன் அக்காவின் பெயர் நினைவுக்கு வரவில்லை. துபாயிலிருந்து அவள் அழைத்தபோது "அக்கா, அக்கா" என்றே பேசிச் சமாளித்துவிட்டான். "கூடப்பொறந்தவ பேரே மறந்துபோச்சுங்க மேடம்," என்று அரசியிடம் சொல்லிச் சிரித்தான்.

அரசி சிரிக்கவில்லை. அவிநாசி சாலையில் இருந்த அந்த விளையாட்டு நிறுவனத்தின் தலைமை நிரலாளர் அவள். சாதிக் அவளிடம் வேலை பார்க்கும் சோதனையாளன். தினமும் தலைச்சூடியை அணிந்து 'ஏழாங்கடல்' விளையாடி, பிழை கண்டுபிடித்துச் சொல்வது அவன் பிழைப்பு. வெள்ளிக்கிழமை அந்த விளையாட்டு உலகம் முழுக்க வெளியாக இருந்தது.

ஏழாங்கடலின் தீவுகளும் திமிங்கிலங்களும் எந்தக் கணினியிலும் அடங்காதவை. அதனால் தலைச்சூடி விளையாடுபவரின் மூளையிலேயே கொஞ்சம் இடம் பிடித்து அங்கே அவற்றை வைத்துவிடும். வேலை முடிந்த இடத்தைக் காலிசெய்வது துப்புரவி என்ற நிரலின் பொறுப்பு. நெடுநாள் தொடாமல் கிடப்பது குப்பை, குப்பையை அள்ளு. அதற்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

துப்புரவி வந்த நாளில் அலுவலகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தவள் அரசி. கொடுக்காமல் என்ன செய்வாள்? அதுவரை அடிமொழி என்ற பழைய நிரல்மொழியில் மாரடித்துக்கொண்டிருந்தாள். அடிமொழியில் ஒரு குதிரையை ஓடவைக்க வேண்டுமென்றால் அதற்கு நினைவகத்தில் எவ்வளவு இடம், எங்கே தொடங்குகிறது, யாருக்குச் சொந்தம், எப்போது திருப்பிக் கொடுப்பது என்று ஒன்றுவிடாமல் எழுதவேண்டும். ஒன்று பிசகினாலும் குதிரையோடு விளையாட்டும் படுத்துவிடும். ராஜாவின் மீசையை அழிக்கப்போய் அரண்மனையையே அழித்த கதையை அரசி இன்றும் கேன்டீனில் நடித்துக் காட்டுவாள். பிறகு துப்புரவியோடு மேல்மொழியும் வந்தது. "குதிரை ஓடட்டும்" என்றால் ஓடியது. அவள் அடிமொழியைத் தலைமுழுகினாள்.

மதியம் சாதிக்கின் தலைச்சூடியைக் கழற்றி வாங்கி, துப்புரவி எதையெல்லாம் அள்ளியிருக்கிறது என்று பார்த்தாள். விளையாட்டு வைத்த பொருள்களோடு, அது வைக்காதவையும் போயிருந்தன. அக்காவை எந்தத் தம்பி பேர்சொல்லிக் கூப்பிடுகிறான்? தொடாமல் கிடந்த பெயர், குப்பையாகிப் போய்விட்டது.

நிர்வாகி தயாளனிடம் ஓடினாள்.

"எது நம்ம வச்சது, எது அந்த ஆளோடதுன்னு அதுக்குத் தெரியலைங்க சார். மேல்மொழியில சொந்தம்னு ஒரு பேச்சே கிடையாது. கூட்டம் வந்து இடம் பத்தலைன்னா துப்புரவி கெடுவையும் குறைச்சுக்கும். மூணு மாசம் தொடாததை அள்றது, அப்புறம் மூணு நாள் தொடாததை அள்ளும்."

"அப்ப அடிமொழியில ஒரு எல்லை போட்டு விட்டுருங்க. இங்க உங்களுக்கு மட்டுந்தான் அது தெரியும்."

அரசி போய் உட்கார்ந்தாள். அடிமொழி நிரல் திரையில் விரிந்தது. முதல் வரியைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள். எழுத்துகள் தெரிந்தன, பொருள் தெரியவில்லை. அவளும் இத்தனை நாள் தலைச்சூடி அணிந்துதான் வேலை பார்த்திருக்கிறாள். மீசைக் கதை மட்டும் ஒரு சொல் குறையாமல் அப்படியே இருந்தது, தினமும் சொல்கிற கதையாயிற்றே. அடிமொழியைத் திட்டுவதற்கு மட்டுமே அவள் நினைத்திருந்தாள். அதனால் திட்டு மிஞ்சியது.

"எனக்கு வரலைங்க சார். வெளியீட்டை நிறுத்துங்க," என்றாள்.

"ஒரு பேரு மறந்ததுக்கா?" என்றார் தயாளன். "எனக்கும்தான் எத்தனையோ பேரு மறக்குது."

அரசிக்குத் திருச்சி விடுதியில் இருந்த மகள் மாதங்கி நினைவுக்கு வந்தாள். வெளியீட்டு வேலை மும்முரத்தில் அவளோடு பேசிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. உடனே அழைத்தாள்.

"அந்த கேம் வேண்டாம் கண்ணு. நான் சொன்னாக் கேளு."

"நீ பண்ணின கேம்தானம்மா. எங்க ஃப்ளோர்ல எல்லாரும் புக் பண்ணியாச்சு. நான் மட்டும் சும்மா உக்காந்திருக்கவா?"

"அப்ப தினமும் ஒருவாட்டி என்னை நினைச்சுக்க."

"என்னம்மா ஒரு மாதிரி பேசறே? சரி, நினைச்சுக்கறேன்."

வெள்ளிக்கிழமை ஏழாங்கடல் வெளியானது. யாரும் எதிர்பாராத கூட்டம். புகார்ப் பிரிவில் இருந்தவர்கள் வேலையில்லாமல் கொட்டாவி விட்டார்கள். தொலைந்தது இன்னதென்று தெரிந்தால்தானே புகார் கொடுக்க முடியும்? அரசி மறுபடியும் தயாளன் அறைக்குப் போனாள். அவரும் இப்போது தலைச்சூடியோடு இருந்தார். அவள் சொன்னதையெல்லாம் அக்கறையாகக் கேட்டுவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அரசி," என்றார்.

அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மாதங்கியை அழைத்தாள். கெடு குறையக் குறைய மதியமும் அழைத்தாள். "பேச ஒண்ணுமில்லாம எதுக்கும்மா கூப்பிடறே?" என்று மகள் எரிந்து விழும்போதெல்லாம் அரசிக்கு உயிர் வந்தது.

ஒரு திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்ததும் கெடு எவ்வளவு என்று பார்த்தாள். ஓர் இரவுத் தூக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. மேசைமேல் இருந்த அலுவலகத் தொலைபேசியிலேயே மகளின் எண்ணை அழுத்தினாள்.

மாதங்கி உடனே எடுத்தாள்.

"கண்ணு, அம்மா பேசறேன்."

மறுமுனையில் தூக்கம் கலையாத, ஆனால் மிகவும் மரியாதையான குரல் கேட்டது.

"ஏழாங்கடல் கம்பெனி நம்பருங்களா? எனக்குப் புகார் ஒண்ணும் இல்லைங்க மேடம். கேம் ரொம்ப நல்லா இருக்கு."