பத்திரமாக வைக்கவும்

முதியோர் இல்லத்திலிருந்து வந்த பையில் இறந்துபோன அப்பாவின் சாமான்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. மூன்று சட்டை, மூக்குக்கண்ணாடி, காது மெஷின் டப்பா. எல்லாவற்றிலும் கிருமிநாசினி நெடி. மகளை உறுத்தியது பேட்டரி அட்டைதான். மெஷினில் போடுமுன் உரிக்க வேண்டிய நீல ஒட்டுத்தாள் ஆறு பேட்டரிகளிலும் அப்படியே ஒட்டியிருந்தது. ஒரு பேட்டரி ஒரு வாரம்தான் வரும். அப்பா அங்கே இருந்ததோ ஆறு வாரம்.

தொற்றுக்குப் பயந்து யாரையும் உள்ளே விடவில்லை. தினமும் நாலு மணிக்கு நர்ஸ் அப்பாவின் காதில் போனை வைப்பாள், இவள் பேசுவாள். பதிலுக்கு மூச்சு மட்டும் கேட்கும். "சிரிக்கிறாரும்மா" என்பாள் நர்ஸ். அதை நம்பித்தான் ஒவ்வொரு ராத்திரியும் கண் மூடினாள்.

இப்போது நர்ஸைப் போனில் கூப்பிட்டாள்.

"காது மெஷின் போட்டுவிடவே இல்லையா?"

"டப்பா மேல நீங்கதானேம்மா எழுதி ஒட்டியிருந்தீங்க, விலை அதிகம், பத்திரமாக வைக்கவும்னு? பீரோல வச்சுப் பூட்டிட்டோம்."

டப்பாவைத் திருப்பினாள். அவள் கையெழுத்துதான்.

"அப்போ நான் பேசினது?"

"தலையாட்டுவாரும்மா." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "போனை எடுத்தப்புறம், என் பொண்ணு எப்போ கூப்பிடுவான்னு கேப்பாரு."

போனை வைத்தபின் வீடு முழுக்க ஒரே அமைதி. ஜன்னல் வெயில் அப்பாவின் நாற்காலிக் கால்வரை வந்து நின்றிருந்தது. கடிகாரத்தில் நாலு.

டப்பாவுக்குள்ளிருந்து மெல்லிய விசில் கிளம்பியது.

அவளுக்குத் தெரிந்த விசில்தான். மெஷின் காதில் சரியாகப் பொருந்தாதபோது அப்படித்தான் கூவும். "காதுக்குள்ள கொசு வளக்கறேன், நீ ஏன் பொறாமைப்படறே?" என்று சொல்லிக்கொண்டே அப்பா விரலால் ஓர் அழுத்து அழுத்துவார். உடனே அடங்கும்.

டப்பாவைத் திறந்து, மெஷினின் பேட்டரிக் கதவை நகத்தால் நெம்பினாள். உள்ளே காலி.

விசில் நிற்கவில்லை.

மேஜைமேல் போட்டுவிட்டுச் சுவர்வரை பின்வாங்கினாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். விசில் மேஜையிலிருந்து எழுந்தது. மெதுவாக. வயதானவர் நடக்கும் வேகத்தில். அறையைக் கடந்தது. நாற்காலியின் பிரம்பு கிரீச்சிட்டது.

விசில் சட்டென்று அடங்கியது.

யாரோ விரலால் அழுத்தியதுபோல.

கண் திறந்தாள். மேஜைமேல் ஒன்றுமில்லை. நாற்காலி இருக்கை நடுவில் குழிந்திருந்தது. அதற்கு மேலே, ஓர் ஆள் உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில், அந்தரத்தில், காது மெஷின்.

ஆறு வாரம் பேசியதில் ஒரு சொல்கூட அவள் வாயில் வரவில்லை.

மெஷின் அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம்.