மூன்றாவது மொழி

அடுப்பு தானாக ஒருமுறை ‘டிக்’ என்றது. சமையலறை மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பொறி தட்டும் குமிழை யாரும் தொடவில்லை. மழைக்கு இருட்டிய மாலை. ஈரக் குடையின் வாடையும் காலையில் பொங்கி வழிந்த பாலின் தீய்ந்த நெடியும் கலந்து, அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

வீட்டில் பேசுவதைக் கேட்டு, நடப்பதைக் கேமராவில் பார்த்து, அடுப்பு, கதவு, கார் ஷெட்டின் ஷட்டர் எல்லாவற்றையும் இயக்கும் ஒரு நிரல். அதை எந்தக் கணினி மொழியில் எழுதலாம் என்று ஒப்பிட்டுச் சொல்வது அலுவலகம் அவளுக்குத் தந்த வேலை. முதல் மொழியில், காதில் விழும் வாக்கியம் வெறும் வாக்கியம். நறுக்கலாம், ஒட்டலாம், அவ்வளவுதான். இரண்டாவது, அதைக் கட்டளையாக மாற்ற ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு உயிரை வாங்கியது. மூன்றாவது எதையும் கேட்கவில்லை. அதில் வாக்கியமும் நிரலும் ஒன்றேதான்; ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைத் திருத்தி எழுதிக்கொள்ளும். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

“அதை மட்டும் வீட்டுல ஓட்டிப் பாக்காத தாயே,” என்றிருந்தான் கூட வேலை செய்யும் தாடிக்காரன். “நீயும் உன் புருஷனும் போடுற சண்டையக் கேட்டா அது கெட்டுப்போயிடும்.”

சிரித்துவிட்டு, வீட்டில்தான் ஓட்டினாள்.

இப்போது நிரலைத் திறந்தாள். அவள் எழுதாத வரிகள்.

‘ஈரக் காலோட உள்ள வந்தா காலை ஒடிச்சிடுவேன்.’ கணவனிடம் அவள் கத்தியது. அதன் கீழே, ‘இன்னொரு தடவை என் போனைத் தொட்டா கையை உடைச்சிடுவேன்.’ அவன் கத்தியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கதவு, எவ்வளவு வேகம் என்று நிரலே எழுதிவைத்திருந்தது.

எல்லாம் வாய்வார்த்தை. ஆனால் கத்திய அந்த ஒரு கணம், அப்படியே நடக்கட்டும் என்று நினைத்தாளா?

நினைத்தாள்.

நிறுத்தும் கட்டளையைத் தேடினாள். அந்த வரி இருந்த இடம் காலி.

வாசலில் கார் வந்து நின்றது. மழை. ஈரக் கால். சமையலறையை ஒட்டிய ஷெட்டை நோக்கி ஓடினாள்.

“உள்ள வராதீங்க! அங்கயே நில்லுங்க!”

“என்னடி, வாசல்லயே ஆரம்பிச்சிட்டியா?” ஷட்டருக்குக் கீழே நின்று, ஷூவை உதறியபடி சிரித்தான்.

ஷட்டர் தோளில் விழுந்து அவனைச் சாய்த்தது. ஏறியது. முழங்காலில் இறங்கியது. பச்சைக் கிளை முறிவதுபோல் ஒரு சத்தம். ஏறியது. மறுபடி இறங்கியது.

“நிறுத்துடி! நிறுத்து!”

அவன் கையிலிருந்து தெறித்த போன் சமையலறை வாசலில் வந்து விழுந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும். உள்ளே பாய்ந்தாள். குனிந்தாள். எடுத்தாள்.

எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

சமையலறையின் இழுகதவு அவள் மணிக்கட்டின்மேல் மூடிக்கொண்டது. எலும்பு நொறுங்குவது காதில் கேட்டது. கதவு திறக்கவில்லை. இன்னும் இறுக்கியது. ரத்தம் முழங்கை வழியாக வழிந்து தரையில் சொட்டியது.

ஷெட்டில் அவன் குரல் நின்றுவிட்டது. ஷட்டர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மேஜைமேல் திரை. அவள் கண்ணெதிரே இன்னொரு வரி தன்னைத் தானே எழுதிக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது, யார் காதிலும் விழாது என்று நினைத்து, அவள் தினமும் முணுமுணுப்பது.

‘நான் செத்தாத்தான் இந்த வீட்டுக்கு நிம்மதி.’

அடுப்பின் குமிழ் மெல்லத் திரும்பியது. உஸ்ஸென்ற சீறல். வாயு நெடி.

கையை இழுத்தாள். வரவில்லை.

டிக்.