தாய்மாமன் கழுத்தில் கேமரா

முத்துமீனாவின் மாமா ராஜபாண்டிக்கு ஆறு மாதமாகப் போட்டோ பித்துப் பிடித்திருந்தது. பழங்காநத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், கடையைப் பூட்டிவிட்டுக் கொக்கைப் படம் பிடிக்கக் கண்மாய்க் கரைக்குப் போய்விடுவார்.

முத்துமீனாவின் குட்டித் தம்பி சிவபாண்டிக்கு அழகர்கோவிலில் மொட்டையும் காதுகுத்தும் என்று முடிவானது. உடனே மாமா பெரிய கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்துவிட்டார். லென்ஸ் மட்டும் ஒரு முழம் இருந்தது. போனில் எடுப்பதெல்லாம் ஒரு படமா என்று வேனில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது புளித்துவிட்டது.

முத்துமீனாவுக்கோ வேறு கவலை. அப்பா குவைத்தில் வேலை பார்க்கிறார். தம்பியை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை. இந்த முறையும் லீவு கிடைக்கவில்லை. வேலை நேரத்தில் போனைத் தொடவும் கூடாதாம். முந்தின நாள் அம்மா கனகாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கடுக்கன் போட்டதும் அவன் சிரிக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு. அழுகுற படம் வேணாம். அதைப் பாத்துட்டு என்னால இங்க இருக்க முடியாது."

போனை வைத்த பிறகும் முத்துமீனாவுக்கு அது மனதிலேயே கிடந்தது.

கோவிலில் மொட்டை முடிந்தது. தலையில் சந்தனம் பூசினார்கள். மாமா அதற்குள் நூறு படம் எடுத்திருந்தார். அதில் முக்கால்வாசி குரங்கு.

காது குத்தும் ஆசாரி பலகையைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். "தாய்மாமன் வாங்க. புள்ளைய மடியில வச்சுக்கங்க."

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமாவும் யாரையோ தேடுவதுபோல் சுற்றிலும் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது.

"ஆத்தி, நான் உக்காந்தா படத்தை யாரு எடுக்கிறது?"

இத்தனை நாள் யோசித்து யோசித்து லென்ஸ் தேடிய மனிதர், இதை மட்டும் யோசிக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் கேமரா அழகுபாண்டிப் பெரியப்பாவின் கழுத்துக்குப் போனது. கிட்டே நின்றால் அதில் தம்பியின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. தள்ளிப் போனால் நடுவில் சித்திமார் நின்றார்கள். பெரியப்பா மறுபடியும் முன்னால் வந்து கேமராவை நீட்டினார். தம்பி வீல் என்று அலறினான்.

"நான் இன்னும் ஊசியவே எடுக்கலையேப்பா," என்றார் ஆசாரி.

முத்துமீனா தம்பியின் கண் போகிற திசையைப் பார்த்தாள். அது ஊசிப் பக்கம் போகவே இல்லை. "பெரியப்பா, அதைக் கீழ வைங்க. அவன் அதுக்குத்தான் பயப்படுறான்," என்றாள்.

அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு தம்பிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தன் முகத்தை மறைக்காமல், போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு காதுக்கு ஓர் அலறல், இன்னொரு காதுக்கு இன்னோர் அலறல். முத்துமீனாவுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இடத்தைவிட்டு அசையவில்லை. கன்னத்தை உப்பவைத்து, 'புர்ர்' என்று காற்றை விட்டாள். தம்பி அழுதான். மறுபடியும் விட்டாள். விம்மினான். மூன்றாவது தடவை, கன்னத்தில் கண்ணீர் காயுமுன்னே கெக்கெக்கே என்று சிரித்துவிட்டான். அவள் விரல் போனை அழுத்தியது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் அப்பா கூப்பிட்டார். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டார். "பல்லு ரெண்டும் தெரியுது கனகா," என்றார். "யாரு எடுத்தது?"

"ஒங்க மகதான்."

"அவ படம் ஒண்ணுகூட வரலையே. எனக்கு அவளையும் பாக்கணும்ல."

அதுவரை மூலையில் உட்கார்ந்து குரங்குகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்த மாமா, எழுந்து வந்து போனுக்குக் கை நீட்டினார்.

"போன் வேணாம் மாமா," என்றாள் முத்துமீனா. "பெரிய கேமராவுலயே எடுங்க. எனக்குப் பயமில்ல."