ஒத்து விழும் காலடி

பெயின்ட் அடிக்கிறோம் என்று சொல்லி, முனைவர் பட்ட வைவாவுக்கு மூன்றே நாள் இருக்கும்போது அவளைப் பழைய கட்டடத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். இந்த நேரத்தில் எவனாவது ஆராய்ச்சி மாணவியை இடம் மாற்றுவானா? துறை மாற்றும். இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு லேப்டாப், ஆறு வருஷத்து எரிச்சல், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு திங்கட்கிழமை காலை மூன்றாவது மாடி ஏறினாள்.

அலுவலக அக்கா சாவியை இரண்டு முறை திருப்பி, தோளால் கதவை இடித்துத் திறந்தாள். சாக்பீஸ் தூளும் நமத்துப்போன காகிதமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. ஒரு சுவர் முழுக்கக் கரும்பலகை. எதிரே ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே, ஒரு மாடி கீழே, இந்தக் கட்டடத்தையும் எதிரிலிருந்த நூலகத்தையும் இணைக்கும் இரும்புத் தொங்குபாலம்.

பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த பாலம் அது. இப்போது புதுக் கம்பி கட்டி, வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திறக்கப் போகிறார்கள். எத்தனை பேர் ஏறினாலும் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். அவளுடைய ஆய்வேடே அதுதான்: மனிதர்கள் நடக்கும்போது ஒரு பாலம் எவ்வளவு ஆடும் என்கிற கணிதம். திறப்பு முடிந்ததும் எல்லோரும் பாலத்தின் மேலேயே நடந்து நூலகத்துக்குப் போவார்கள், அங்கே அவளுக்கு வைவா. இந்த ஏற்பாடு அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் கைடின் யோசனை. அவருக்கு எதிலும் கொஞ்சம் நாடகம் வேண்டும்.

"இந்த ரூம்ல முன்னாடி யாருக்கா இருந்தா?"

அக்கா ஜன்னலைப் பார்க்காமல் சொன்னாள். "உன்ன மாதிரி ஒரு தம்பிதான். உட்கார்ந்து யோசிக்கவே தெரியாது அவனுக்கு. வராண்டாவுல நடந்துக்கிட்டே இருப்பான். கடைசில அந்தப் பாலத்துல நடந்தான்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அந்த ஆளை அவளுக்குத் தெரியும். முகம் தெரியாது, கணக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன் இதே பாலத்திலிருந்து தவறி விழுந்து செத்துப்போனவர். அவர் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு துணைத் தேற்றத்தின் மேல்தான் அவளுடைய மூன்றாம் அத்தியாயம் நிற்கிறது. அதன் முதல் வரி அவளுக்கு மனப்பாடம்: 'பாலத்தின் மேல் ஒவ்வொருவரும் தம் போக்கில் நடப்பதாக எடுத்துக்கொள்வோம்.'

செவ்வாய்க்கிழமை மதியம் வராண்டாவில் யாரோ நடந்தார்கள்.

தோல் செருப்பின் சத்தம். அவசரமில்லாமல், சீராக, கதவு வரை வந்தது. நின்றது. அக்காவாக இருக்கும் என்று தலையைத் தூக்கினாள். யாரும் வரவில்லை. புதன்கிழமையும் அதே நேரத்துக்கு அதே நடை. எட்டிப் பார்த்தபோது வராண்டா துடைத்துப் போட்டதுபோல் காலியாக இருந்தது. தூக்கம் கெட்டால் காதில் என்னவெல்லாமோ கேட்கும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

வியாழன் மதியம் வானம் கறுத்தது. இரண்டரை மணிக்கே வராண்டா இருண்டுவிட்டது. மழைக்கு முந்தைய ஈரத்தில் இரும்பின் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

கணவன் போன் செய்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக், வேலை உடுப்போடு நேராக வந்திருந்தான். "டாக்டரம்மா, கீழ கூட்டம் சேர்ந்துடுச்சு. நாப்பது பேரு இருக்கும். எங்கம்மா முட்டிவலிக்கு மாத்திரை எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"கணக்குதான் எழுதித் தருவேன்னு சொல்லுங்க," என்று சிரித்தபடி போனை வைத்தாள்.

வராண்டாவில் அந்தக் காலடிச் சத்தம் ஆரம்பித்தது.

இந்த முறை பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. எழுந்து வெளியே வந்தாள். காலடி அவளுக்கு முன்னால், ஆளில்லாத தரையில், வராண்டாக் கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே நடந்தாள். பாதி தூரம் போனதும் சத்தம் குறைந்ததுபோலிருந்தது. இரண்டு ஜோடிக் கால் நடக்கும்போது ஒரு ஜோடியின் சத்தம்தான் கேட்டது.

குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

அவள் கால் அதனோடு ஒத்து விழுந்துகொண்டிருந்தது.

நடையை மாற்றிப் பார்த்தாள். நான்கு அடிதான். மறுபடி ஒத்து விழுந்தது. வேண்டுமென்றே அரைத் தப்படி தள்ளிவைத்தாள். கால் தானாகத் திருந்திக்கொண்டது. சட்டென்று நின்றாள்.

அது இன்னும் ஒரு எட்டு வைத்தது. பிறகு நின்றது.

அவளுக்குப் பக்கத்தில்.

காதோரம் சாக்பீஸ் வாடை. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் வரி அவள் தலைக்குள் தெளிவாக வந்து நின்றது. தம் போக்கில் நடப்பதாக எடுத்துக்கொள்வோம். யார் சொன்னது, தம் போக்கில் நடப்பார்கள் என்று? பாலம் லேசாகப் பக்கவாட்டில் ஆடினால், விழாமலிருக்க மனிதன் அந்த ஆட்டத்துக்கு ஏற்பத்தான் காலை வைப்பான். அந்தக் கால் ஆட்டத்தை வளர்க்கும். வளர்ந்த ஆட்டம் அடுத்தவன் காலையும் இழுக்கும்.

அறைக்கு ஓடினாள். அந்த ஒரு அனுமானத்தை எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி போட்டாள். இருபத்தொரு பேர் வரை பாலம் அமைதியாக இருந்தது. இருபத்திரண்டாவது ஆள் ஏறியதும் விடை கைக்குள் அடங்கவில்லை; ஆட்டம் பெருகிக்கொண்டே போனது.

மணி மூன்றே முக்கால்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. மறைப்பானேன்? ஆறு வருஷம். இன்னும் இரண்டு மணி நேரத்தில் பட்டம். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் நடுவில் நிற்கப் போகிறார்களா என்ன? அந்த நாற்பதில் வேலை உடுப்போடு ஒருவன் நிற்கிறான் என்பது நினைவுக்கு வந்ததும் தடதடவென்று படியிறங்கி ஓடினாள்.

பாலத்தின் வாசலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். கைடின் கையில் கத்தரிக்கோல்.

"சார், யாரும் ஏறக் கூடாது."

அவர் சிரிப்பு மாறாமல் குனிந்தார். "என்னம்மா சொல்ற?"

"என் கணக்கு தப்பு சார். மூணாவது சாப்டர் நிக்காது."

"வைவா முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்," என்று கிசுகிசுத்தார். "இப்ப நீ இத வெளிய சொன்னா உன் டிகிரி போயிடும். புரியுதா?"

"புரியுது சார்." கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். "நான்தான் இந்தப் பாலத்துக்குக் கணக்குப் போட்டவ. அது தப்பு. தயவுசெஞ்சு யாரும் ஏறாதீங்க."

ஒருவரும் அசையவில்லை. கணவன் மட்டும் முன்னால் வந்தான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருவிப் பையிலிருந்து, ரிப்பேரின்போது லிஃப்டுக்குப் போடும் பெரிய பூட்டை எடுத்துக் கேட்டில் மாட்டினான். "நூலகப் பக்கமும் பூட்டிட்டு வர்றேன்," என்று படியிறங்கிப் போனான்.

வைவா, விசாரணையாக மாறி அவளுடைய அறையிலேயே நடந்தது. மேசையைச் சுற்றி ஐந்து பேர்: கைடு, வெளியிலிருந்து வந்த தேர்வாளர், துறைத் தலைவர், பாலத்தைப் பூட்டிய கணவன், அவள். கரும்பலகையில் வரி வரியாக எழுதிக் காட்டினாள். தேர்வாளர் ஒவ்வொரு வரியையும் தன் நோட்டில் போட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "இது சரிதான். நாம நாப்பது பேரும் செத்திருப்போம். அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதிட்டு வாங்க. ஒரு வருஷம் எடுத்துக்குங்க."

ஆறு வருஷம் ஏழாயிற்று. அவளுக்கு வருத்தமாக இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"அது என்ன ஓடிக்கிட்டிருக்கு?" என்று தேர்வாளர் லேப்டாப்பைக் காட்டினார்.

"பாலத்துக்கு அடியில சென்சார் இருக்கு சார். ஆட்டம் இருந்தா கோடு துடிக்கும், எந்த இடத்துலன்னும் காட்டும். இப்ப யாரும் இல்ல, அதான்..."

கோடு துடித்தது.

ஒரு துடிப்பு. இடைவெளி. இன்னொன்று. அவசரமில்லாமல், சீராக.

"யாரு பாலத்துல?" என்றார் கைடு, குரலே எழும்பாமல்.

கணவன் ஜன்னலுக்குப் போனான். மழை இன்னும் விழவில்லை. காற்றும் இல்லை. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. பாலத்தில் ஈ, காக்கைகூட இல்லை. "யாருமில்லயே," என்றபடி திரும்பி வந்து உட்கார்ந்தான்.

துடிப்பு பாலத்தின் நடுப்பகுதிக்கு வந்து நின்றது. கோடு படுத்துக்கொண்டது.

மறுபடி துடித்தது. இந்த முறை சத்தமும் கேட்டது. வெளியிலிருந்து வரவில்லை.

மெதுவாகக் குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள்.

கைடின் பாலிஷ் போட்ட ஷூ, தேர்வாளரின் செருப்பு, தலைவரின் கால், கணவனின் தடித்த பூட்ஸ். எல்லாம் ஒன்றாக எழுந்து, கோட்டின் துடிப்போடு ஒன்றாகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன. மேலே நான்கு முகங்களுக்கும் அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது கால் அவளுடையது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

கால் நிற்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் கோடு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.