தொண்ணூற்றொன்றாம் நாள்

ஞானசேகரன் பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மதியம் மூன்று மணி. மசூதித் தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பச்சைக் கதவு போட்ட வீடு என்று அவருடைய வாசகி அருள்மொழி சொல்லியிருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகத் தயங்கி நின்றார். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை, மிச்ச நேரத்தில் கைபேசிச் செயலியில் தொடர்கதை. இதுவரை பதினொரு நாவல். புகழும் மூக்கு நுனிக் கோபமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஊர் தாங்காது. அவரிடம் இரண்டும் இருந்தன.

கடைசி நாவலுக்கு மஹ்ஜபீன் என்ற பெயரில் யாரோ இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். "கதை பிடித்திருந்தது. ஆனால் உங்கள் கதாநாயகி, புருஷன் இறந்த நாற்பதாம் நாள் இத்தாவை முடித்து வெளியே வந்துவிடுகிறாள். இத்தா நாலு மாதம் பத்து நாள். அதுவரை வீட்டை விட்டு வரக் கூடாது, வெளி ஆண்கள் முன்னால் நிற்கக் கூடாது. நாற்பது நாளில் ஆறுகிற துக்கம் இல்லை சார்."

இறந்தவருக்கு நாற்பதாம் நாள் ஓதுகிற பாத்திஹாவையும் இத்தாவையும் போட்டுக் குழப்பிக்கொண்டது அவர்தான். ஆமாம், தப்புதான் என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். மனுஷனுக்கு அது வருமா? போட்டிக்கு எழுதுகிறவன் எவனோ பெண் பெயரில் வந்து குழி பறிக்கிறான் என்று முடிவு கட்டினார். "பாடம் எடுக்க நீ என்ன புருஷனை முழுங்கிவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாயா?" என்று பதில் போட்டார். ரசிகர்கள் நானூறு பேர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஆளாளுக்கு எடுத்துப் பரப்பினார்கள்.

நேற்றுதான் அந்த அருள்மொழி எழுதியிருந்தாள். மஹ்ஜபீன் அவளோடு கல்லூரியில் படித்தவள். நசரத்பேட்டை ஹைவேயில் லாரி மோதிப் புருஷன் போய்விட்டான் என்று கேள்வி, அப்பா வீட்டில் இத்தா இருக்கிறாளாம். அதைப் படித்ததிலிருந்து ஞானசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது அந்தப் பெண்ணின் வாயால் மன்னித்தேன் என்று ஒரு சொல் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

கூடத்துக்குள் போனார். ஒரு சத்தமும் இல்லை. கற்பூரம் மணத்தது. முஸ்லிம் வீட்டில் கற்பூரம் எதற்கு என்று நினைத்தார். கூடத்தின் மறுகோடியில் ஒரு அறை, அதன் வாசலில் கனத்த திரை.

"யாரு?"

திரைக்கு அப்பாலிருந்து இளம்பெண் குரல். அவர் பெயரைச் சொன்னார்.

"உக்காருங்க சார். நான் வெளிய வரக் கூடாது. இன்னிக்குத் தொண்ணூத்தொண்ணாவது நாளு."

அவர் உட்காரவில்லை. கைகூப்பியபடி, தெரியாமல் எழுதிவிட்டதாகவும், தெரியாவிட்டாலும் எந்தப் பெண்ணையும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றும் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அழுதேவிட்டார்.

"அந்த ஒரு வரிய எடுத்துடுங்க சார். அத்தா கண்ணுல பட்டுடக் கூடாது. மருமவன் போனதுலயே அவரு பாதியாயிட்டாரு."

அங்கேயே கைபேசியை எடுத்து அழித்தார். ஆனால் மற்றவர்கள் எடுத்துப் போட்டதை அவரால் ஒன்றும் செய்ய முடியாதே. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அதையும் அவளிடம் சொன்னார்.

"தெரியும் சார். இன்னும் வந்துகினேதான் கீது. சிரிக்கறாங்க."

மின்விசிறி சுற்றவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது.

திரை மட்டும் மெல்ல உள்வாங்கியது.

"மன்னிச்சிட்டியாம்மா?"

திரைப் பக்கம் காதைக் கொடுத்தார்.

கற்பூர வாசனை மூச்சை அடைத்தது.

தெருவாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தொப்பி வைத்த பெரியவர் ஒருவர், மஹ்ஜபீனின் அப்பா ஹாஜா மொய்தீன், உள்ளே வந்தார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று விசாரித்தார். உங்கள் மகளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஞானசேகரன் திரையைக் காட்டினார்.

பெரியவர் அவரையே பார்த்தார். பிறகு போய்த் திரையை விலக்கினார்.

சுருட்டிய பாய், மடித்து வைத்த தொழுகை விரிப்பு, அணைந்து கிடந்த ஒரு கைபேசி. உள்ளே யாரும் இல்லை. வெளியேற வேறு வாசலும் இல்லாத அறை.

"அவ மௌத்தாயி பத்து நாளாவுது. போனைப் பாத்துகினே மூணு நாளு சாப்புடல, இன்னான்னும் சொல்லல. தொண்ணூத்தொண்ணாம் நாளு காலைல தொழுகைக்கு எழுப்பறேன், ஒடம்பு சில்லுன்னு கீது."

இந்தக் கூடத்தில்தான் கற்பூரத் தண்ணீர் ஊற்றி அவள் உடலைக் குளிப்பாட்டினார்களாம். எவ்வளவு கழுவியும் வாசனை போகவில்லையாம். ஞானசேகரன் அவருக்கு முன்னால் போய் நின்றார். தன் பெயரைச் சொன்னார். மிச்சத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்களா? புருசன் போனதுலருந்து ஒங்க கதைய வெச்சிகினுதான் புள்ள உசுரோட இருந்திச்சு. படிச்சாத்தான் தூங்கும். அல்லா ஒங்கள நல்லா வெக்கணும்."

அந்தக் கைகளை உதறவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தார். அதைவிடக் கேவலமான ஒன்றை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவடிக் குவார்ட்டர்ஸில், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கைபேசியில் அதே செயலியில் எழுத உட்கார்ந்தார். எழுதி, அந்தப் பெரியவர் கையில் கொடுத்துவிடுவது என்று எண்ணம். லாரி, இரண்டு நட்சத்திரம், தன் வரி, நானூறு பேர் எல்லாம் வந்துவிட்டன. தேநீர் குடித்த இடத்தில் விரல் நின்றது. எப்படிச் சொல்வது? அந்த மனிதர் தாங்குவாரா? போதும், அழித்துவிடலாம் என்று தோன்றியது.

இன்னும் வெளியிடாத, வேறு எவர் கண்ணுக்கும் தெரியாத அந்தப் பக்கத்தின் அடியில், வெளிவந்த கதைகளுக்குக் கீழே மட்டும் செயலி காட்டுகிற சின்ன எழுத்தில், ஒரு வரி வந்து நின்றது.

'ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார்.'