நைட்ரோ இல்லாத கார்

ரஃபியாவுக்குத் தெருவில் ஒரு பட்டப்பெயர் உண்டு: பிரேக் பீவி. வைத்தவன் அவள் கூட்டாளி வாஜித். வேறு யார் வைப்பார்கள்?

வாஜித்தின் செல்போனில் ஒரு கார் பந்தய விளையாட்டு இருந்தது. அதில் சுவரில் மோதினாலும் காருக்கு ஒன்றும் ஆகாது. லேசாகக் குலுங்கிவிட்டுத் திரும்ப ஓடும். நைட்ரோ பொத்தானை அமுக்கினால் பாலத்தையே தாண்டிப் பறக்கும். அதில் போய் யாராவது பிரேக் பிடிப்பார்களா? ரஃபியா பிடிப்பாள். வளைவைப் பார்த்தாலே அவள் விரல் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். அதனால் எப்போதும் அவள்தான் கடைசி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாஜித், அப்பாஸ், ரஃபியா மூவரும் பெலிக்ஸ் அண்ணன் புதிதாகத் திறந்த கேம் சென்டருக்குப் போனார்கள். அங்கே நிஜமான ஸ்டீயரிங் இருந்தது. காலடியில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் இருந்தன. அடுத்த வாரம் மூன்று பேர் அணிகளுக்குப் போட்டி. இன்று பழகிப் பார்க்க ஆளுக்கு இரண்டு சுற்று. சீக்கிரம் முடிப்பவர்களின் பெயரையும் நேரத்தையும் அண்ணன் பலகையில் எழுதுவார். முதலிடத்தில் சாணார்பட்டிப் பையன் ஒருவன் இருந்தான்: இரண்டு நிமிடம், மூன்று நொடி.

“இங்கயும் நீ கடைசின்னா டீம்ல வேணாம். வேற ஆளச் சேத்துக்கிறோம்” என்றான் வாஜித்.

அணி சேரலாம் என்று முதலில் சொன்னதே ரஃபியாதான்.

வாஜித் முதலில் உட்கார்ந்தான். நைட்ரோ எங்கே என்று தேடினான்.

“அதெல்லாம் இதுல கெடையாது அப்பு. இது நெசக் கார் மாதிரி. மோதுனா உடையும்” என்றார் பெலிக்ஸ் அண்ணன்.

வாஜித் எங்கே கேட்டான்? முதல் வளைவிலேயே சுவரில் இடித்தான். கார் உடைந்தது, ஆட்டமும் முடிந்தது. அப்பாஸ் மாட்டுவண்டி மாதிரி ஓட்டி, மூன்று நிமிடத்தில் பத்திரமாக வந்து சேர்ந்தான்.

அடுத்து ரஃபியா. பிரேக்கைத் தொடவே கூடாது என்று வாஜித் அவள் காதில் ஓதியிருந்தான். அவளும் தொடவில்லை. வளைவில் ஸ்டீயரிங் கையில் கடகடவென்று நடுங்கியது. கார் புல்லில் சறுக்கிக் கவிழ்ந்தது.

அந்த நடுக்கம் அவளுக்குப் பழக்கமானது. ரஃபியாவின் அத்தா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைப்பவர். லோடு ஆட்டோவில் பிரியாணிக்கு ஊற்றும் தால்ச்சாக் குழம்பு அண்டா போகும்போது, அதன் மூடியைப் பிடித்துக்கொள்வது ரஃபியாவின் வேலை. வளைவுக்குள் போன பிறகு அத்தா பிரேக் அடித்தால் மூடி இப்படித்தான் கையில் நடுங்கும்; தால்ச்சா பாதி அவள் மடியில்தான். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தால் ஒரு சொட்டுகூடச் சிந்தாது. ‘அத்தா, வளைவு வருது’ என்று முன்கூட்டியே குரல் கொடுப்பது அவள்தான்.

“ரெண்டாவது சுத்து நான் மொதல்ல போறேன்” என்றாள்.

இந்த முறை அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. நேர்ச்சாலையிலேயே பிரேக் பிடித்தாள். மெதுவாகத் திருப்பினாள். வளைவு முடிந்ததும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள். கார் சொன்ன பேச்சைக் கேட்டது. பத்து வளைவையும் அப்படியே கடந்தாள். அப்பாஸ் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தான்.

ஒரு நிமிடம், ஐம்பத்தெட்டு நொடி!

பெலிக்ஸ் அண்ணன் சாணார்பட்டிப் பையனைக் கீழே இறக்கி, ரஃபியாவின் பெயரை மேலே எழுதினார். ரஃபியாவுக்கு உடம்பெல்லாம் சிரிப்பாக இருந்தது.

வாஜித்துக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. ஆனால் அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

“எங்க போற?” என்றாள் ரஃபியா.

“நான்தான கடைசி. கடைசின்னா டீம்ல வேணாம்னு நான் சொன்னதுதான.”

“உக்காருடா. நான் சொல்லும்போது பிரேக்கப் பிடி.”

அவன் உட்கார்ந்தான். ரஃபியா ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் குரல் கொடுத்தாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் பிடித்தான். இரண்டு நிமிடம், இரண்டு நொடி! இரண்டாம் இடம்! சாணார்பட்டிப் பையன் இன்னும் ஒரு படி கீழே இறங்கினான். மூவரும் கட்டிக்கொண்டு குதித்ததில் அண்ணனின் சாக்பீஸ் கீழே விழுந்தது.

வாஜித் அதை எடுத்துக் கொடுத்தான். “அண்ணே, சும்மா ரெண்டு நிமிசம்னு எழுதுங்க” என்று நைசாகக் கேட்டான். 

“அந்த ரெண்டு நொடியையும் சேத்தே எழுதுங்கண்ணே” என்றாள் ரஃபியா.