ஈரமில்லாத தரை

"அது யாருன்னு மட்டும் சொல்லுங்க சார். போலீஸ், கேஸ் எல்லாம் அப்புறம். முதல்ல அந்த முகத்த நான் பார்க்கணும்."

வந்தவள் ஒரு தையல்காரி. அவளுடைய அப்பா, பழைய லாரி டிரைவர், எலும்பில் புற்றுநோயோடு மருத்துவமனையில் கிடந்து இறந்துபோனவர். கடைசி நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தார். வலியை அடக்கும் மார்ஃபின் குப்பிகள் விழுந்து உடைந்துவிட்டன என்று வார்டில் சொன்னார்கள்.

"ஒரு சின்ன நர்ஸ் தட்டிவிட்டாளாம். அங்கேயே அவள அறைஞ்சேன். ஆனா அவ அழுத அழுகை... மனசு ஒப்பல சார்."

எதற்கும் அவசரப்படாததால் நிதானம் என்றே பெயர் வாங்கிவிட்ட துப்பறிவாளர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் மனைவியின் தம்பி அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான்.

"கிளம்பலாமா அத்தான்?"

"காபியையாவது குடிக்க விடு மாப்ளே."

தலைமை மருத்துவர் அனுமதி தந்தார். வார்டின் பின்னறையில், சுவரோடு பதித்த இரும்பு அலமாரி; மார்ஃபின் அதில்தான் இருக்கும். அதன் சாவி வார்டுப் பொறுப்பிலிருந்த பெரிய சிஸ்டரின் சட்டைப் பைக்குள் ஊக்கு போட்டுக் குத்தப்பட்டிருந்தது.

"இதுல கை வைக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் எடுக்கணும், இன்னொருத்தர் பக்கத்துல நின்னு பார்க்கணும்," என்றார் பெரிய சிஸ்டர். பக்கத்தில் நின்ற சின்ன நர்ஸைக் காட்டி, "அன்னைக்கு அதுக்குத்தான் இவளக் கூப்பிட்டேன். வந்த வேகத்துல ட்ரேயை இடிச்சுட்டா."

"அவங்க வர்றதுக்கு முன்னாடியே மருந்து வெளியில வந்துடுச்சா?" என்றார் நிதானம்.

"அவசரம் சார். எடுத்து வெச்சுட்டுக் கூப்பிட்டேன்."

"பக்கத்து வார்டுல கடன் வாங்கியிருக்கலாமே சிஸ்டர்?" என்றான் மச்சினன்.

"கேட்டேன். அங்கேயும் இல்ல."

சின்ன நர்ஸின் கண்கள் இன்னும் வீங்கியிருந்தன. "ட்ரே துணி போட்டு மூடியிருந்துச்சு சார். என் முழங்கைதான் பட்டுச்சு. துடைக்க மாப் எடுத்தேன். அக்காதான், அதெல்லாம் வேணாம், கூட்டி அள்ளு போதும்னாங்க."

உடைந்த குப்பிகளை அங்கே குப்பையில் போடக் கூடாது. மருந்தகத்து ஆள் வந்து பார்க்கும்வரை மூடிவைக்க வேண்டும். அந்த ஜாடியை நிதானம் வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்தார். வெயிலில் சில்லுகள் ஆலங்கட்டிபோல மின்னின.

"கண்ணாடி கண்ணாடி மாதிரிதான் இருக்கு அத்தான்," என்றான் மச்சினன்.

"உன் மூளைக்கு ஒரு நடை தேவைப்படுது. பக்கத்து வார்டுக்குப் போய் ஒரு விஷயம் கேட்டுட்டு வா."

அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து காதில் ஏதோ சொன்னான். நிதானம் தையல்காரி, தலைமை மருத்துவர் உட்பட எல்லோரையும் அந்த அறைக்கே வரவழைத்தார்.

"மாப்ளே, கைதவறி விழுந்த குப்பி எங்க உடையும்?"

"எங்க வேணும்னாலும்."

"இதுல எல்லாத் தலையும் கழுத்துல, நறுக்கின மாதிரி நேரா முறிஞ்சிருக்கு. ஒண்ணு ரெண்டுன்னா விழுந்து முறிஞ்சதுன்னு சொல்லலாம். அத்தனையும் இப்படின்னா, பஞ்சை வெச்சு விரலால ஒடிச்சதுதான். அது நர்ஸுங்க கைப்பழக்கம்."

"அப்போ இந்தப் பொண்ணு தட்டிவிட்டது காலிக் குப்பியா?"

"ஆமா. அதனாலதான் துடைக்க வேண்டாம்னு தடுத்தாங்க. மாப் போட்டிருந்தா, சிந்தினதா சொன்ன மருந்து எங்கன்னு இவளே கேட்டிருப்பா."

சின்ன நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மருந்த வித்துட்டாங்களா?" என்றார் மருத்துவர்.

"விக்கிறவங்க குப்பியை ஒடிக்க மாட்டாங்க டாக்டர். பக்கத்து வார்டுல அன்னைக்கு மருந்து தாராளமா இருந்திருக்கு. யாருமே வந்து கேக்கல. இந்த வார்டுல இத இவங்க அப்பா ஒருத்தருக்குத்தான் போட்டாங்க. இது திருட்டு இல்ல. அவர் கத்தணும். வேண்டியிருந்தது அவ்வளவுதான்."

எல்லோரும் பெரிய சிஸ்டரைப் பார்த்தார்கள். அவர் மூலையிலிருந்த கைகழுவும் தொட்டியைப் பார்த்தார்.

"அதுலதான் ஊத்தினேன்," என்றார். "என் தம்பி மேல லாரி ஏறுச்சு. ரோட்டோரம் கிடந்து உயிர் போற வரைக்கும் கத்தினான். அந்த ஆளு வண்டிய நிறுத்தல. பார்த்த சாட்சி இல்லன்னு கோர்ட்டுல விட்டுட்டாங்க. கடைசில என் வார்டுக்கே வந்து சேர்ந்தாரு. நான்தான் படுக்கை விரிச்சேன். அவர் கத்தினப்போ கதவத் திறந்து வெச்சுக் கேட்டேன்."

தையல்காரி எழுந்தாள். தேடி வந்த முகம் எதிரே இருந்தது. ஓங்கிய கையைத் தானே இறக்கினாள்.

"எங்கப்பா நிறுத்தல. நீங்களும் நிறுத்தல," என்றாள். "ஒரு அறையோட உங்கள விட மாட்டேன். கோர்ட்டுல வந்து உங்க முகத்தப் பார்த்துக்கிட்டே சொல்வேன், எங்கப்பா எப்படிக் கத்தினாருன்னு."

அவள் சின்ன நர்ஸின் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்தாள்.

பெரிய சிஸ்டர் ஊக்கைக் கழற்றிச் சாவியை நீட்டினார். சின்ன நர்ஸ் கையை நீட்டவில்லை.

"பக்கத்துல நின்னு பார்க்க ஒருத்தர் வேணும் அக்கா," என்றாள்.

"வாங்கிக்கம்மா," என்றாள் தையல்காரி. "நான் பார்க்கிறேன்."